புது ஆள் சம்பளத்தில் 30% கூடுதல் வரிக் கழிவு: சனிக்கிழமைச் சம்பளம் கொடுக்கும் யூனிட்டுக்குக் கிடைக்குமா?

ஓவர்லாக் (திருப்பூர்) | திங்கள், இரவு 9.50

வணக்கங்க. உள்ளூர் சந்தைக்கு டி-ஷர்ட், நைட் பேண்ட் தைக்கிற சின்ன யூனிட் எங்களுடையது. நானும் மச்சானும் பார்ட்னர்கள். வருஷத்துக்கு நாலு கோடியை ஒட்டி வியாபாரம். சரக்கு இங்கே காதர்பேட்டை மொத்தச் சந்தைக்கும் வெளியூர் மொத்த வியாபாரிகளுக்கும் போகிறது.

2025 மார்ச் 31 அன்று 34 பேர் இருந்தார்கள். ஜூனில் ஆர்டர் கூடியதால் ஆள் சேர்த்தோம், இப்போது 46. யாரும் விலகவில்லை, எங்கள் ஊரில் அதுவே பெரிய விஷயம். ஆடிட்டர் ஆபீஸ் தம்பி ஒருவர், "புதுசா சேர்ந்தவங்க சம்பளத்துல முப்பது பர்சன்ட் எக்ஸ்ட்ராவா கழிச்சுக்கலாம்ணா, இன்கம் டாக்ஸ்ல 80ஜேஜேஏஏ பிரிவு, மூணு வருஷம் வரும்" என்றார். ஆடிட்டர் "உங்க கேஸ்ல அது சிக்கல்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்த 12 பேர் கதை இது. கட்டிங் மாஸ்டர் ஒருவர், 32,000. ஒடிசா பையன்கள் இரண்டு பேருக்கு ஆதார் பெயர் ஒத்துப்போகாமல் யூ.ஏ.என். (பி.எஃப் உறுப்பினர் எண்) இன்னும் வரவில்லை, அதனால் பி.எஃப் இல்லை. இரண்டு பேர் டிசம்பர் 1-ல்தான் சேர்ந்தார்கள். மீதி ஏழு பேரும் ஜூன் 1 முதல் இருக்கிறார்கள், ஓவர்டைம் சேர்த்து மாதம் 18,000 வரும், பி.எஃப் உண்டு. அந்த ஏழில் ஒரு டெய்லர் அக்கா மட்டும் சம்பளத்தைக் கையில்தான் வாங்குவார். மற்ற ஆறு பேருக்கும் கம்பெனிக் கணக்கிலிருந்து அவரவர் கணக்குக்குப் போகிறது. பழைய ஆட்களில் பாதிக்கு மேல் இன்னமும் ரொக்கமாகக் கவரில்தான்.

எதில் சிக்கல்?

சந்தேகம் சாமி | திங்கள், இரவு 10.15

சம்பளம் முழுவதையும்தான் ஏற்கெனவே செலவில் எழுதிவிடுகிறோமே? அதற்கு மேல் என்ன 30?

பேரேடு (கோவை) | செவ்வாய், காலை 7.30

முதலில் சாமிக்கு. ஆமாம், சம்பளம் நூற்றுக்கு நூறு செலவு. அதற்கு மேல், வருமானக் கணக்கின் கடைசியில், கூடுதல் ஆட்களுக்கு முதல் வருடம் ஆன சம்பளத்தில் 30 சதவீதத்தை இன்னொரு முறை கழிக்கலாம். சேர்த்த வருடம் ஒன்று, அடுத்து இரண்டு, ஆக மூன்று வருடம். 100 ரூபாய் சம்பளத்துக்கு 190 ரூபாய் கழிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். புது வரி முறைக்குப் போனவர்கள் பல கழிவுகளை இழந்தார்கள், இதை இழக்கவில்லை.

இந்தப் பிரிவு முன்பு பெரிய ஆலைகளுக்கானது. 100 தொழிலாளிக்கு மேல் இருந்தால்தான் பேச்சே. 2015 பட்ஜெட்டில் அது 50 ஆனது, 2016-ல் அந்த எண்ணிக்கை வரம்பையே எடுத்துவிட்டார்கள். கதவு சின்னவர்களுக்கும் திறந்ததென்னவோ உண்மை. ஆனால் வாசல்படியில் வைத்த நிபந்தனைகள் எல்லாம் சம்பளத்தைப் பற்றியவை: எவ்வளவு, எந்த வழியில், பி.எஃப் பிடித்தா இல்லையா, எத்தனை நாளுக்கு.

ஓவர்லாக், உங்கள் 12 பேரை வடிகட்டுவோம். மாதம் 25,000-க்கு மேல் வாங்குபவர் கணக்கில் வரமாட்டார், கட்டிங் மாஸ்டர் அவுட். அங்கீகரிக்கப்பட்ட சேமநல நிதியில் (பி.எஃப்) சேராதவர் வரமாட்டார், ஒடிசா தம்பிகள் அவுட். வருடத்தில் 240 நாளாவது வேலையில் இருந்திருக்க வேண்டும். ஆயத்த ஆடை, காலணி, தோல் பொருள் செய்பவர்களுக்கு மட்டும் 150 நாள் போதும். டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை 121 நாள்தான் ஆகிறது, அதனால் அந்த இருவரும் இந்த வருடம் இல்லை. ஆனால் 2018-ல் ஒரு திருத்தம் வந்தது: அடுத்த வருடம் அவர்கள் 150 நாளைத் தாண்டினால் அடுத்த வருடம் சேர்ந்தவர்களாகவே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் ஐப்பசிக்குப் பிறகு சேர்ந்தவர்கள் எந்தக் கணக்கிலும் வராமல் போனார்கள்.

சம்பளம் கணக்குக் காசோலை, டிராஃப்ட் அல்லது வங்கி வழி மின்னணுப் பரிமாற்றமாகப் போயிருக்க வேண்டும். யு.பி.ஐ., நெஃப்ட், ஐ.எம்.பி.எஸ். எல்லாம் செல்லும். கவர் செல்லாது. டெய்லர் அக்கா அவுட்.

மிச்சம் ஆறு பேர். 18,000 வீதம் பத்து மாதம், ஆளுக்கு 1,80,000. ஆறு பேருக்கு 10,80,000. அதில் 30 சதவீதம் 3,24,000. பார்ட்னர்ஷிப்புக்கு வரி செஸ்ஸோடு 31.2 சதவீதம் என்றால் வருடத்துக்கு 1,01,088 ரூபாய் மிச்சம். மூன்று வருடத்துக்கு 3,03,264.

உங்கள் ஆடிட்டர் சொன்ன சிக்கல் இந்த வடிகட்டலில் இல்லை என்று நினைக்கிறேன். அதை மாலையில் எழுதுகிறேன், கட்சிக்காரர் வந்துவிட்டார்.

காதர்பேட்டை | செவ்வாய், காலை 9.05

ஒரு சந்தேகம். வாரச் சம்பளம் 4,500 கையில் கொடுத்தால் ஒன்றும் ஆகாது, 10,000-க்குள் இருந்தால் போதும் என்று என் ஆடிட்டர் சொல்லியிருக்கிறாரே?

பேரேடு (கோவை) | செவ்வாய், மதியம் 1.20

அவர் சொன்னது சரிதான், வேறு பிரிவுக்கு. 40ஏ(3) என்பது ஒரு நாளில் ஒருவருக்கு 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவையே ஏற்காது. 4,500 அந்த வலையில் சிக்காது, செலவாக முழுசாக ஏற்கப்படும். ஆனால் அதே 4,500-க்கு 80ஜேஜேஏஏ-யின் கூடுதல் 30 கிடையாது. ஒரே கவர், ஒரு பிரிவில் பாஸ், இன்னொன்றில் ஃபெயில்.

இன்னொன்று. மேஸ்திரி கணக்குக்கு மொத்தமாக ஜிபே போட்டு, அவர் எடுத்துப் பிரித்துக் கொடுப்பது பல இடங்களில் நடக்கிறது. அது தொழிலாளிக்கு ரொக்கம்தான். முதலாளி தன் சொந்தக் கணக்கிலிருந்து அனுப்பிவிட்டுப் பிறகு கம்பெனியில் வரவு வைத்துக்கொள்வதும் விளக்கம் சொல்லிச் சொல்லியே வாய் வலிக்கும் வேலை. கம்பெனிக் கணக்கு, தொழிலாளியின் கணக்கு, நடுவில் யாரும் வேண்டாம்.

ஆம்பூர்க்காரன் | செவ்வாய், மதியம் 2.45

ஒரு ஆள் கையில் வாங்கினால் அவர் மட்டும் போவாரா, எல்லோருமே போவார்களா? நான் பிரிவைப் படித்துப் பார்த்தேன். சம்பளம் வேறு வழியில் கொடுக்கப்பட்டால் "கூடுதல் பணியாளர் செலவு பூஜ்யம்" என்ற மாதிரி இருக்கிறது. ஆள்வாரியாகப் பூஜ்யமா, மொத்தமும் பூஜ்யமா?

பேரேடு (கோவை) | செவ்வாய், மாலை 6.10

நல்ல கேள்வி, வாசகம் இரண்டு பக்கமும் இழுக்கும். நான் ஆள்வாரியாகத்தான் எடுப்பேன், ஏனென்றால் கழிவே ஆள்வாரியாகக் கணக்கிடப்படுவது. ஆனால் எதிர்த்தரப்பில் உட்கார்ந்து பார்த்தால் மொத்தத்தையும் பூஜ்யம் என்று வாதாட இடம் இருக்கிறது. ஆறு பேர் கழிவை ஒரு ஆளின் கவரை வைத்துப் பணயம் வைப்பானேன்? அந்த அக்காவையும் வங்கிக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

இப்போது காலையில் விட்டது. இந்தக் கழிவு 44ஏபி, அதாவது வரித் தணிக்கை, யாருக்குப் பொருந்துகிறதோ அவர்களுக்கு மட்டும். வரம்பு 1 கோடி. ஆனால் ரொக்க வரவும் ரொக்கச் செலவும் தலா 5 சதவீதத்துக்குள் இருந்தால் வரம்பு 10 கோடி. 2020-ல் 5 கோடி என்று வைத்தார்கள், மறு வருடமே 10 ஆக்கினார்கள். பணமில்லாப் பரிமாற்றத்துக்கு ஊக்கம் என்று வந்தது.

ஓவர்லாக், உங்களுக்கு நாலு கோடி. பழைய ஆட்களின் கவர் சம்பளத்தால் உங்கள் ரொக்கச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டுகிறது, அதனால் தணிக்கை வருகிறது, அதனால் ஆறு பேருக்கு இந்தக் கழிவுக்குத் தகுதி இருக்கிறது. நாளைக்கே எல்லோருக்கும் வங்கியில் போட ஆரம்பித்து ரொக்கம் 5-க்குள் வந்துவிட்டால், தணிக்கை போய்விடும், கூடவே 80ஜேஜேஏஏ-யும். உங்கள் ஆடிட்டர் சொன்ன சிக்கல் இதுவாகத்தான் இருக்கும்.

ஆஃப்செட் (சிவகாசி) | செவ்வாய், இரவு 8.30

இதைத்தான் நான் தொண்டை கிழிய எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அச்சகம் வைத்திருக்கிறேன், டைரியும் நோட்டும். ஒன்பது கோடிக்குள் வியாபாரம். வாங்குவது, விற்பது, சம்பளம், சகலமும் வங்கிதான். போன வருடம் புது மெஷினுக்கு ஒன்பது பேர் சேர்த்தேன், எல்லோருக்கும் பி.எஃப், இ.எஸ்.ஐ. கழிவு கேட்டால் "உங்களுக்கு 44ஏபி பொருந்தாது சார்" என்கிறார்கள். பக்கத்துத் தெருவில் ஒருத்தர் மூன்று கோடி வியாபாரம், கல்லாவில் பாதி ரொக்கம். அவருக்குத் தணிக்கை உண்டு, அவர் வேலையாட்களுக்கு மட்டும் வங்கியில் போடுகிறார், கழிவு கிடைக்கிறது.

நேர்மையாக நடப்பவனுக்குத் தண்டனை என்று சொன்னால் கோபமாகப் பேசுகிறான் என்பார்கள். வேறு எப்படிச் சொல்வது? நான் விரும்பித் தணிக்கை செய்துகொள்கிறேன், ஃபீஸ் கொடுக்கிறேன் என்றாலும் ஆகாதாம்.

காதர்பேட்டை | செவ்வாய், இரவு 8.50

அப்ப ஆஃப்செட் அண்ணன் 6 சதவீதம் ரொக்கமாக டீச்செலவு காட்டிவிட வேண்டியதுதான் 😀

பேரேடு (கோவை) | செவ்வாய், இரவு 9.40

சிரிப்பாகச் சொன்னாலும் சட்டம் அப்படித்தான் தள்ளுகிறது. ஒன்பது கோடிக்கு 6 சதவீதம் ரொக்கம் என்றால் அரைக் கோடிக்கு மேல். அதற்கு வவுச்சர் வைத்துப் பாதுகாப்பதைவிட ஒரு கோடி கூடுதலாக வியாபாரம் செய்வது சுலபம்.

"பொருந்தும்" என்ற ஒரே வார்த்தையில் ஆஃப்செட் மாட்டிக்கொள்கிறார். விருப்பத் தணிக்கையை ஏற்கலாம் என்று வாதாடுபவர்கள் உண்டு, நான் அதை நம்பி ஒருவருக்கும் கையெழுத்துப் போட மாட்டேன். தணிக்கை வரம்பை உயர்த்தியபோது இந்தப் பிரிவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கணக்காளர் அறிக்கை தனியாக வேண்டும் என்பது ஏற்கெனவே நிபந்தனையில் இருக்கிறது, 10டிஏ படிவம். அது போதாதா? தணிக்கை என்ற இரண்டாவது பூட்டு எதற்கு?

2026 ஏப்ரல் முதல் புது வருமான வரிச் சட்டம் வருகிறது, பிரிவு எண் மாறுகிறது. 25,000-ம் தணிக்கை நிபந்தனையும் அப்படியே கூட வருகின்றன.

டல்லாஸ் வாசி | புதன், காலை 6.05

தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே. இங்கே அமெரிக்காவில் சின்னத் தொழில்களுக்கு 199ஏ என்று ஒன்று, 2018 முதல். தொழில் வருமானத்தில் 20 சதவீதம் கழிவு. 2025-ல் முடிய வேண்டியது, அந்த வருடம் ஜூலையில் நிரந்தரமாக்கிவிட்டார்கள். வருமானம் ஒரு வரம்பைத் தாண்டும்வரை சம்பளத்தைப் பற்றிக் கேள்வியே இல்லை. 2025-க்குத் தனியாளுக்கு 1,97,300 டாலர், தம்பதிக்கு 3,94,600. அதற்கு மேல் போனால் கழிவு, நீங்கள் வேலையாட்களுக்குக் கொடுத்து டபிள்யூ-2 என்ற சம்பளப் படிவத்தில் காட்டிய சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, அல்லது சம்பளத்தில் கால்வாசியும் சொத்து மதிப்பில் இரண்டரை சதவீதமும் சேர்ந்த தொகையை. எது பெரிதோ அது.

கவனிக்க வேண்டியது, காண்ட்ராக்டருக்குக் கொடுத்த பணம் அதில் சேராது. என் நண்பர் ஆள் வைக்காமல் எல்லாவற்றையும் வெளியே கொடுத்துச் செய்பவர், நல்ல லாபம். வரம்பைத் தாண்டிய வருடம் கழிவு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது.

ஓவர்லாக் (திருப்பூர்) | புதன், காலை 9.15

டல்லாஸ் அண்ணா கடைசியில் சொன்னது எனக்கும் கேள்வி. செக்கிங், பேக்கிங்குக்கு ஆள் சப்ளை காண்ட்ராக்டர் மூலம் எட்டுப் பேர் வருகிறார்கள். 46-ல் அவர்களைச் சேர்க்கவில்லை. சேர்க்கலாமா?

பேரேடு (கோவை) | புதன், காலை 10.30

வேண்டாம். அவர்கள் காண்ட்ராக்டரின் பி.எஃப் கோடில், அவர் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள். கழிவு உண்டென்றால் அது அவருக்கு.

மஸ்டர்ரோல் (ஈரோடு) | புதன், மதியம் 12.40

நான் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் எச்.ஆர். பார்க்கிறேன். ஆடிட்டர்கள் செப்டம்பரில் பார்ப்பதை நாங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்க்கிறோம், அதனால் சில விஷயம்.

பி.எஃப். சட்டப்படி அடிப்படைச் சம்பளம் 15,000-க்கு மேல் உள்ள, முன்பு உறுப்பினராக இல்லாத ஆளைச் சேர்க்காமல் விடலாம். நிறைய முதலாளிகள் அப்படி விடுகிறார்கள், ஆட்களும் "பி.எஃப் பிடிக்காதீங்க, கைக்கு முழுசா கொடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் 15,000-க்கும் 25,000-க்கும் நடுவில் இருப்பவர்தான் இந்தக் கழிவுக்கு நல்ல ஆள். அவரை பி.எஃப்-க்கு வெளியே விட்டால் பி.எஃப் அலுவலகத்துக்கு ஆட்சேபணை இருக்காது, கழிவு மட்டும் போய்விடும்.

பி.எஃப் செலவுக்குப் பயப்படுபவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 15,000 உச்சவரம்பில் முதலாளி பங்கு, நிர்வாகக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து 13 சதவீதம், மாதம் 1,950. ஓவர்லாக் தம்பி சொன்ன மாதிரி ஜூனில் சேர்ந்த ஆளுக்கு மூன்று நிதியாண்டில் 34 மாதம், 66,300 ரூபாய். அதுவும் செலவுதான், 31.2 சதவீத வரி மிச்சத்தைக் கழித்தால் நிகரச் சுமை 45,600 சொச்சம். அதே ஆளுக்கு 80ஜேஜேஏஏ-யில் மூன்று வருடத்தில் மிச்சமாகும் வரி 50,544. பி.எஃப் பணத்தை அரசாங்கமே திருப்பித் தந்த மாதிரி ஆகிறது. இதை எங்கள் எம்.டி.யிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டிய பிறகுதான் எல்லோரையும் சேர்க்க ஒப்புக்கொண்டார்.

ஆட்களிடம் நான் வேறு கணக்குச் சொல்வேன். பி.எஃப்-ல் இருந்தால் பிரீமியம் கட்டாமலே 7 லட்சம் வரை ஆயுள் காப்பீடு இருக்கிறது. பென்ஷன் என்றால் இருபது வயதுப் பையன் காதில் ஏறாது, இது ஏறுகிறது.

ஓவர்லாக் (திருப்பூர்) | புதன், மதியம் 1.30

அக்கா, அந்த ஒடிசா பையன்களுக்கு என்ன செய்வது?

மஸ்டர்ரோல் (ஈரோடு) | புதன், மதியம் 2.10

2025 ஆகஸ்ட் முதல் புது யூ.ஏ.என். அரசின் உமங் செயலியில் முகம் காட்டித்தான் எடுக்க முடிகிறது. ஆதாரில் பத்து வயதுப் படம் இருக்கும், இப்போது தாடி மீசை, செயலி ஏற்காது. முதலில் ஆதார் மையத்துக்கு அனுப்பிப் படத்தையும் பெயரையும் சரிசெய்யுங்கள். சேர்க்காமல் விட்ட ஆட்களை இப்போது சேர்த்துக்கொள்ள இ.பி.எஃப்.ஓ. (பி.எஃப் நிறுவனம்) ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறது, 2026 ஏப்ரல் 30 வரை. 2025 அக்டோபருக்குள் சேர்ந்தவர்களுக்குப் பொருந்தும், பிடிக்காமல் விட்ட தொழிலாளி பங்கைக் கட்ட வேண்டியதில்லை, அபராதம் 100 ரூபாய். அப்படிச் சேர்த்தால் இந்த வருடக் கழிவுக்கு ஆகுமா என்பதைப் பேரேடு சார்தான் சொல்ல வேண்டும். கழிவை விடுங்கள், பையன்களுக்கு பி.எஃப். கிடைக்கட்டும்.

அப்புறம், தேதி. தொழிலாளியிடம் பிடித்த பங்கை அடுத்த மாதம் 15-க்குள் கட்டிவிடுங்கள்.

பேரேடு (கோவை) | புதன், மாலை 5.50

அக்கா சொன்ன 15-ஐ அடிக்கோடிடுகிறேன். இந்த நிதியாண்டில் (2025-26) தொழிலாளி பங்கை ஒரு நாள் தாமதித்துக் கட்டினாலும் அந்தத் தொகை முதலாளியின் வருமானமாகிவிடும், எந்த வருடமும் செலவாகத் திரும்ப வராது. ரிட்டர்னுக்கு முன் கட்டினால் போதும் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் செக்மேட் வழக்கில் முடித்துவிட்டது. முதலாளி பங்குக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. 46 பேருக்கும் 1,800 வீதம் பிடித்தால் மாதம் 82,800. ஒரு மாதம் தவறினால் 25,834 ரூபாய் வரி. ஆறு பேர் மூலம் வருடத்துக்கு ஒரு லட்சம் மிச்சம் பிடிப்பவர் நாலு மாதம் 16-ம் தேதி கட்டினால் அந்த லட்சம் போயிற்று.

ஒடிசா தம்பிகளை இப்போது சேர்த்தாலும் இந்த வருடக் கணக்கில் நான் எடுக்க மாட்டேன். வாதத்துக்கு இடமிருக்கிறது, ஆளுக்குப் பதினாறாயிரம் சொச்சத்துக்கு அந்த வாதம் வேண்டாம்.

ஆம்பூர்க்காரன் | புதன், இரவு 7.20

25,000 பற்றி யாரும் சண்டை போடவில்லையே. தீபாவளி மாதம் போனஸ் சேர்ந்து 26,000 ஆகிவிட்டால் ஆள் போய்விடுவாரா? எங்கள் ஷூ ஃபேக்டரியில் ஏற்றுமதி அவசரம் வந்தால் ஓவர்டைமிலேயே 25-ஐத் தாண்டுகிறார்கள்.

மஸ்டர்ரோல் (ஈரோடு) | புதன், இரவு 7.45

வருடச் சராசரி என்றுதான் எடுக்க வேண்டும். ஒரு மாத போனஸுக்காக ஆளையே தள்ளுவது என்ன நியாயம்?

பேரேடு (கோவை) | புதன், இரவு 8.30

நியாயம் வேறு, வாசகம் வேறு அக்கா. "மாதத்துக்கு 25,000-க்கு மேல்" என்று மட்டும் இருக்கிறது. சராசரி என்ற சொல்லும் இல்லை, எந்த ஒரு மாதமும் என்ற சொல்லும் இல்லை. முதலாளி கட்டும் பி.எஃப் பங்கும், பணி முடிவில் மொத்தமாகக் கொடுக்கும் கிராஜுவிட்டி, விடுப்புப் பணம் போன்றவையும் கணக்கில் வராது. ஓவர்டைமுக்கும் போனஸுக்கும் அப்படி விலக்கில்லை. நான் ஒவ்வொரு மாதமும் பார்ப்பேன். ஆம்பூர் நண்பர் சராசரி எடுத்தால் அதற்கும் வாதம் உண்டு, கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதில் கோபம் வேறு. 25,000 என்பது 2016-ல் வைத்த எண். பத்து வருடமாக அசையவில்லை. அன்று அது மேற்பார்வையாளர் சம்பளம். இன்று ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கும் நல்ல டெய்லர் அதைத் தொடுகிறார். நல்ல சம்பளம் கொடுத்தால் கழிவு இல்லை என்று ஒரு வேலைவாய்ப்புச் சலுகை சொல்லலாமா?

ஓவர்லாக் (திருப்பூர்) | புதன், இரவு 9.00

இன்னொரு பயம். ஹோலிக்கு ஊருக்குப் போகிற பையன்கள் ஏப்ரலில்தான் திரும்புவார்கள். மார்ச் 31-ல் ஆள் எண்ணினால் குறையுமே? அப்புறம் அடுத்த வருஷம் இவர்களில் யாராவது விலகினால் மீதி இரண்டு வருஷக் கழிவு போய்விடுமா?

மஸ்டர்ரோல் (ஈரோடு) | புதன், இரவு 9.20

ஊருக்குப் போனால் விடுப்பு, விலகல் இல்லை. நிறையப் பேர் செய்வது என்னவென்றால், ஆள் இரண்டு வாரம் வராவிட்டால் பி.எஃப் போர்ட்டலில் எக்ஸிட், அதாவது விலகிய தேதி போட்டுவிடுகிறார்கள், திரும்பி வந்ததும் புது ஆளாகச் சேர்க்கிறார்கள். அப்படிச் செய்தால் மார்ச் 31 கணக்கும் கெடும், நாள் கணக்கும் கெடும். மாதாந்திர பி.எஃப் கணக்கான இ.சி.ஆரில் பெயரை வைத்து, வராத நாட்களை என்.சி.பி. (சம்பளமில்லாத நாட்கள்) கட்டத்தில் போடுங்கள். விடுப்பு விண்ணப்பம் இந்தியில் எழுதிக் கொடுத்தாலும் வாங்கி வையுங்கள்.

பேரேடு (கோவை) | புதன், இரவு 9.45

விலகல் பற்றி: கூடுதல் ஆளா என்று பார்ப்பது சேர்ந்த வருடத்தில். அதே ஆள் மூன்று வருடமும் இருக்க வேண்டும் என்று பிரிவில் சொல்லவில்லை. அதனால் அடுத்த வருடம் ஒருவர் போனாலும் முதல் வருடச் செலவின் 30 சதவீதத்தைத் தொடர்ந்து எடுக்கிறேன். ஆனால் சேர்ந்த வருடத்திலேயே பன்னிரண்டு பேர் வந்து பன்னிரண்டு பேர் போயிருந்தால், எண்ணிக்கை கூடவில்லை, ஒன்றும் கிடையாது.

யாராவது கேட்பதற்கு முன்: பழைய யூனிட்டை இரண்டாகப் பிரித்து மச்சான் பெயரில் புதுசு தொடங்கி, "எல்லோரும் புது ஆட்கள்" என்று காட்டினால் செல்லாது. உண்மையிலேயே புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான் முதல் வருடம், மற்ற நிபந்தனைகளுக்குள் வரும் அத்தனை பேரும் கூடுதல் ஆட்கள்.

நிட்டிங் (அவிநாசி) | வியாழன், காலை 8.10

எங்களுடையது துணி பின்னுவது மட்டும். 150 நாளா, 240 நாளா?

பேரேடு (கோவை) | வியாழன், காலை 8.50

ஆடை உற்பத்திக்குத்தான் 150. துணி ஆடையாகாது, 240 என்றே வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 31-லிருந்து பின்னால் எண்ணினால் ஆகஸ்ட் 4-க்குள் சேர்ந்திருக்க வேண்டும். தைப்பவர்களுக்கு நவம்பர் 2.

காதர்பேட்டை | வியாழன், காலை 10.20

புதுசா ஒரு மத்திய திட்டம், ஆளுக்கு மாதம் 3,000 முதலாளிக்கு என்றார்களே, அதை வாங்கினால் இது போகுமா?

மஸ்டர்ரோல் (ஈரோடு) | வியாழன், காலை 11.30

விக்சித் பாரத் ரோஜ்கார் திட்டம். 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை சேர்பவர்களுக்கு. 50 பேருக்குக் கீழ் இருந்தால் குறைந்தது இரண்டு பேர் கூடுதலாகச் சேர்த்து ஆறு மாதம் நிலைக்க வேண்டும். 10,000-க்கு மேல் 20,000 வரை சம்பளத்துக்கு மாதம் 2,000, அதற்கு மேல் 3,000. உற்பத்தித் தொழிலுக்கு நாலு வருடம் வரை. ஓவர்லாக் தம்பியின் ஜூன் ஆட்கள் இதில் வரமாட்டார்கள், டிசம்பரில் வந்த இருவரும் வரலாம்.

பேரேடு (கோவை) | வியாழன், மதியம் 12.15

பென்ஷன் பங்கு முழுவதையும் அரசே கட்டும் ஆட்களைத்தான் 80ஜேஜேஏஏ விலக்குகிறது. கொரோனா காலத் திட்டத்தில் அரசு இரண்டு பங்கையும் கட்டியது, அந்த ஆட்கள் அதனால் போனார்கள். இந்தத் திட்டத்தில் பங்கை நீங்கள்தான் கட்டுகிறீர்கள், ஊக்கத்தொகை தனியாக வருகிறது. அந்தத் தொகை உங்கள் வருமானம், வரி உண்டு.

ஓவர்லாக் (திருப்பூர்) | சனி, இரவு 10.05

ஆடிட்டரிடம் பேசிவிட்டேன். பேரேடு சார் சொன்ன 5 சதவீதம்தான் அவர் சொன்ன சிக்கல். இந்த வருஷம் தணிக்கை வருகிறது, ஆறு பேருக்கு எடுத்துவிடலாம் என்கிறார். அடுத்த வருஷம் எல்லோரையும் வங்கிக்கு மாற்றினால் தணிக்கை போய்விடும், மீதி இரண்டு வருஷம் சந்தேகம் என்கிறார். மச்சான், பழைய ஆட்கள் கவரிலேயே வாங்கட்டும் என்கிறார். அது சரியில்லை என்று எனக்குப் படுகிறது, ஆனால் ஆட்களே கவர்தான் கேட்கிறார்கள்.

அந்த டெய்லர் அக்காவிடமும் பேசினேன். கணக்கு இருக்கிறது, ஆனால் ஏ.டி.எம். கார்டு வீட்டுக்காரர் கையில். "அதுல போட்டா எனக்கு ஒரு ரூபா வராதுங்க" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

மஸ்டர்ரோல் (ஈரோடு) | ஞாயிறு, காலை 7.00

எங்களிடம் இப்படி நாலைந்து பேர் உண்டு. இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியில் அவர் பெயரில் தனியாக ஒரு கணக்குத் தொடங்கச் சொல்லுங்கள். கார்டு தேவையில்லை, கைரேகை வைத்து போஸ்ட்மேனிடமே எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பகுதி தபால் அலுவலகத்தில் பேசினால் யூனிட்டுக்கே வந்து தொடங்கித் தருவார்கள், இன்னும் நாலு பேர் சேர்ந்தால் சந்தோஷமாக வருவார்கள். வங்கிக் கணக்கு எண் மாறியதை பி.எஃப் கே.ஒய்.சி.யிலும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் அவர் பி.எஃப் பணம் எடுக்கும்போது அந்தப் பழைய கணக்குக்கே போகும்.

பேரேடு (கோவை) | ஞாயிறு, காலை 9.30

ஓவர்லாக், மீதி இரண்டு வருடம் பற்றி உங்கள் ஆடிட்டர் சொல்வதோடு எனக்கு உடன்பாடே. ஒவ்வொரு வருடமும் தணிக்கை பொருந்த வேண்டும் என்றே நானும் படிக்கிறேன். உங்கள் மச்சான் வழியில் போனால் வருடத்துக்கு ஒரு லட்சம் வரி மிச்சம், தணிக்கை ஃபீஸ் செலவு, வாராவாரம் ரொக்கம் எடுத்துக் கவர் போடும் வேலை. என் கட்சிக்காரராக இருந்தால் வங்கிக்கே மாறச் சொல்லியிருப்பேன், முடிவு உங்களுடையது.

இந்த வருடத்துக்கு 10டிஏ செப்டம்பர் 30-க்குள், ரிட்டர்ன் கெடு தேதிக்குள். ஒன்று தவறினாலும் வருமான வரித் துறையின் பெங்களூர் கணினி மையம் கழிவை வெட்டிவிட்டு நோட்டீஸ் அனுப்பும். ஆறு பேருக்கும் சேர்ந்த தேதி, யூ.ஏ.என்., மாதவாரிச் சம்பளம், வங்கிப் பரிமாற்ற எண் போட்டு ஒரு தாள் ஏப்ரலிலேயே தயார் செய்து ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.